இளையோரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்: பங்குப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

கடந்த பேரவைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அறைக்கு வெளியே என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இளையோர் குழுவின் வழிகாட்டிகளில் ஒருவன் என்ற முறையில் அதை நேரில் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். நம் பங்கில் மட்டும் நடக்கிற விஷயமாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். வேறு பங்குகளில் இதே பொறுப்பில் இருக்கும் நண்பர்களிடம் பேசினால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: பங்கு என்பது ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த சமூகம், பங்குப்பேரவை என்பது அதன் பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் குழு.

நான் கேட்பது ஒன்றுதான். இளையோரைப் பற்றி எந்த முடிவை எடுத்தாலும், எடுப்பதற்கு முன்பு இளையோரைக் கேளுங்கள்.

அன்று கூட்ட அறைக்கு வெளியே ஒரு தங்கை கையில் கோப்போடு காத்திருந்தாள். வயது 19. கல்லூரி முடிந்து நேராக வந்திருந்தாள். அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அது திறக்கப்படவே இல்லை. கடந்த சில ஆண்டுகளில் நம் பங்கில், நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதல் பெற்று, அதன் பிறகு கோவில் பக்கமே வராமல் போனவர்களின் பட்டியல் அது. அவளும் அவள் நண்பர்களும் பழைய மறைக்கல்வி வகுப்புப் பதிவேடுகளைப் பார்த்துப் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவரையும் தேடிப் பேசியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரே ஒரு வரி. ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், காலைத் திருப்பலி வழிபாட்டுக்கு வர முடியாது. ஒருத்தியின் அம்மா இறந்தபோது அடக்கம் முடிந்த பிறகு கோவிலிலிருந்து ஒருவர்கூட வீட்டுக்கு வரவில்லை. ஒருத்தி பாடகர் குழுவில் இருந்தவள், எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியபின் வருவதை நிறுத்திவிட்டாள். இன்னொருவன், "எனக்கு நம்பிக்கை போய்விட்டது, ஆனால் யாராவது உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் வருகிறேன்" என்று சொல்லியிருந்தான்.

தந்தையே, அந்தக் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். நம்பிக்கை போய்விட்டது என்று சொல்கிற பையன், பேசினால் வருகிறேன் என்றும் சொல்கிறான். ஒரு பங்குக்கு இதைவிடப் பெரிய அழைப்பு எங்கிருந்து வரும்?

பட்டியலுக்குக் கீழே அவர்களுடைய திட்டம் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. முதலில் அரை மணி நேரம் நற்கருணை ஆராதனை, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாம் நம்பும் அப்பத்தின் முன் செபம், பெரும்பகுதி மௌனமாக. அப்புறம் ஒரு மணி நேரம் கேள்விகள், எந்தக் கேள்வியும் கேட்கலாம். இடையில் வரும் வாரங்களில் இரண்டிரண்டு பேராகப் போய், வராதவர்களைச் சந்திப்பது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருப்பதால் ஒவ்வொரு கூட்டத்திலும் பொறுப்பான பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். பணம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு மாலைக்கு அரங்கத்தைக் கேட்டார்கள். கேள்விகளுக்குத் திட்டாமல் பதில் சொல்ல ஓர் அருட்தந்தையையோ அருட்சகோதரியையோ கேட்டார்கள். அவ்வளவுதான்.

அது நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்தது. நேரம் ஆகிவிட்டதால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளப்பட்டது. முந்தைய கூட்டத்திலும் அப்படித்தான் தள்ளப்பட்டது. ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் அவளிடம் வேறொன்றைக் கேட்டார்கள். திருவிழாவுக்கு நாற்காலி போடவும் வண்டிகளை ஒழுங்குபடுத்தவும் ஆட்கள் வேண்டும், பெயர்களை எழுதிக் கொடு என்றார்கள். அவள் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். பிறகு கோப்பை என்னிடம் நீட்டி, "நீங்களே வச்சுக்குங்க அண்ணா" என்றாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இருந்திருக்காது. இப்போது ஞாயிறு திருப்பலிக்கு வருகிறாள், இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுகிறாள். குழுவுக்கு வருவதில்லை. அவளோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராக நிற்கிறார்கள். இன்னும் சில மாதங்களில் அந்தப் பட்டியலில் இவர்களுடைய பெயர்களையும் சேர்க்க வேண்டிவரும் என்று பயப்படுகிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு மறையுரையில், இளையோர் கோவிலை விட்டுப் போவதற்குக் கைபேசிதான் காரணம் என்று கேட்டோம். அந்தக் கோப்பில் எத்தனையோ காரணங்கள் இருந்தன. கைபேசி ஒரு வரியிலும் இல்லை. காரணம் தெரியாமல் நாம் வருந்தவில்லை. காரணத்தை எழுதிக் கொண்டுவந்து வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிடவில்லை.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 2018 அக்டோபரில் இளையோரைப் பற்றி உலக ஆயர்கள் மாமன்றம் கூடியது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், ஏறக்குறைய 300 இளையோரை உரோமைக்கு அழைத்து அவர்களைப் பேசவைத்துக் கேட்டார் திருத்தந்தை பிரான்சிஸ். பல்லாயிரம் பேர் இணையம் வழியாகக் கலந்துகொண்டார்கள். அழைக்கப்பட்டவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நம்பிக்கை இல்லாதவர்களும் இருந்தார்கள். கேட்டபின்தான் ஆயர்கள் கூடினார்கள். 2019இல் அவர் எழுதி வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற ஊக்கவுரையின் 40ஆம் எண், இளையோர் திருச்சபையை விட்டு விலகி நிற்பதற்கான காரணங்களை ஒளிக்காமல் சொல்கிறது. முறைகேடுகள், தயாரிப்பில்லாத மறையுரை ஆகியவற்றோடு, கிறிஸ்தவச் சமூகத்தில் அவர்களுக்குச் செயலற்ற இடம் மட்டுமே தரப்படுவதையும் அங்கே குறிப்பிடுகிறது. 203ஆம் எண்ணில், இளையோர் பணியைச் செய்கிறவர்களே இளையோர்தான் என்கிறது. அவர்களுக்குத் துணையும் வழிகாட்டுதலும் வேண்டும், அதே சமயம் புதிய வழிகளைத் துணிவோடு தேட விடவும் வேண்டும். திருத்தந்தை 300 பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். நாம் ஒருத்தியைக் கேட்கவில்லை.

முடிவெடுக்கும் அதிகாரத்தை இளையோரிடம் கொடுத்துவிட முடியுமா என்று ஓர் உறுப்பினர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். திருச்சபைச் சட்டம் 536இன்படி பங்குப்பேரவைக்கே ஆலோசனை கூறும் உரிமைதான் உண்டு. இறுதி முடிவு பங்குத்தந்தையுடையது. உங்களிடம் இல்லாத எதையும் இளையோர் கேட்கவில்லை. உங்களோடு உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் இடத்தைத்தான் கேட்கிறார்கள். திருச்சபையின் நன்மை பற்றித் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது நம்பிக்கை கொண்டோரின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று சட்டம் 212 சொல்கிறது. அங்கே வயது வரம்பு எதுவும் இல்லை.

வயதைப் பற்றி இன்னும் ஒன்று. 16 வயது நிறைந்த ஒருவர் ஒரு குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நிற்கலாம் என்பது பொதுவான விதி, சட்டம் 874. ஒரு குழந்தையின் நம்பிக்கை வாழ்வுக்குத் துணைநிற்கும் பொறுப்பை 16 வயதில் ஒப்படைக்கிற திருச்சபை இது. அதே திருச்சபையின் ஒரு பங்கில், 19 வயதுப் பெண் பத்து நிமிடம் பேச வாய்ப்பில்லாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கின் 3ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். முக்கியமான விஷயம் வந்தால் மடத்துத் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் எது சிறந்தது என்பதை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறார். கீழ்ப்படிதலை அவரைவிடக் கண்டிப்பாகக் கேட்டவர்கள் குறைவு. அவரே இளையவரைக் கேட்கச் சொன்னார்.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குதிஸையும் பியர் ஜார்ஜோ பிரசாத்தியையும் புனிதர்களாக அறிவித்தார். நம் கோவிலிலும் நன்றித் திருப்பலி வைத்தோம், படம் மாட்டினோம். ஒருவர் 15 வயதில் இறந்தவர், மற்றவர் 24 வயதில். கார்லோ தன் பங்கில் மறைக்கல்வி கற்பிக்க உதவியவர், நற்கருணை அற்புதங்களைத் திரட்டி இணையதளம் அமைத்தவர். பிரசாத்தி இத்தாலியின் தூரின் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு நடந்தவர். அவருடைய அடக்கத்துக்குத் திரண்டு வந்த ஏழைகளைப் பார்த்த பிறகுதான் அவர் யாருக்கெல்லாம் உதவினார் என்று வீட்டாருக்கே தெரிந்தது. இந்தத் தங்கையும் அவள் நண்பர்களும் செய்ய நினைத்தது இதைத்தான்: வீடுகளுக்குப் போவது, நற்கருணை முன் உட்காருவது. இறந்துபோன இளையோரை வணங்குகிற நாம், உயிரோடு இருக்கிறவர்களை ஒருமுறை கேட்கக் கூடாதா?

இங்கே கொஞ்சம் மனம்விட்டுப் பேச அனுமதியுங்கள். இளையோர் ஞாயிறு என்றால் ஒரே நிறத்தில் சட்டை, வாசகம் படிக்க இரண்டு பேர், முடிவில் ஒரு குழுப்படம். அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி. பெண்பிள்ளைகளுக்கு அலங்கார வேலை, பையன்களுக்குச் சுமக்கிற வேலை. படிக்கிறவர்களையே இளையோர் என்று நினைக்கிறோம். 17 வயதிலேயே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு வசதியான நேரத்தில் ஒரு கூட்டம்கூட இல்லை. பேரவையில் இளையோர் பிரதிநிதி என்று ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பவரை இளையோர் தேர்ந்தெடுக்கவில்லை. அவரும் இளைஞராக இருந்து பல காலம் ஆகிவிட்டது. நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தக் கட்டிடத்துக்கு வண்ணம் பூசுவதைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேச முடிந்த நமக்கு, விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு கூட்டத்தில் நேரம் இல்லை என்பதுதான் வருத்தம்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுக் கொஞ்சம் தூரம் போய்விட்டேன். உங்கள் சுமை எனக்குத் தெரியும். தந்தை ஒருவராகவே எல்லாத் திருப்பலிகளையும் நோயாளிகளையும் அலுவலகத்தையும் பார்த்துக்கொள்கிறார். பேரவை உறுப்பினர்கள் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள். யாரும் இளையோரை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. கடைசியில் வைத்தார்கள், நேரம் தீர்ந்துவிட்டது. ஆனால் வெளியே காத்திருக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில் பவுல் துரோவா நகரில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கிறார். பலகணியில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறார். பவுல் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய் அவரைக் கட்டி அணைத்துக்கொள்கிறார். ஏன் தூங்கினாய் என்று கேட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. அதன் பிறகு மேலே வந்து அப்பம் பிட்டு, விடியும்வரை பேசுகிறார். இறங்கிப்போக நேரம் இருந்தது, பேசவும் நேரம் இருந்தது. விழுந்தவரிடம் முதலில் போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இளையோரின் திட்டத்தை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களை உள்ளே அழைத்து, அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். பேரவையில் இளையோருக்கான இடத்தை, 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்து நிரப்ப விடுங்கள். முடிந்தால் இரண்டு பேராக, ஒருவர் வேலைக்குப் போகிறவராக இருக்கட்டும். மறைமாவட்டங்களில் இளையோர் நாள் இப்போது நவம்பர் பிற்பகுதியில் ஒரு ஞாயிறன்று வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவில் கொண்டாடப்படுகிறது. அந்த ஞாயிறு வருவதற்குள் அவர்களுடைய முதல் சனிக்கிழமை மாலை நடந்துவிட்டால், அன்று திருப்பலியில் நாம் செய்யும் அறிவிப்புக்கு ஒரு பொருள் இருக்கும்.

திட்டத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வார்கள். அரங்கம் தர முடியாதென்றால் வேறு இடம் சொல்லுங்கள். முடியவே முடியாது என்று நீங்கள் தீர்மானித்தாலும், அவர்களைக் கேட்டபின் தீர்மானித்து, காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. எந்த நாளில், எந்த நேரத்தில் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் இளையோர் குழு வழிகாட்டிகளில் ஒருவன்