காரின் பின்கதவு: பெற்றோருக்கு ஒரு வீட்டுப்பாடம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு, கட்டணம், விடுமுறை எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. உங்கள் காரின் பின்கதவைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைசியில் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது, இந்த முறை உங்களுக்கும் சேர்த்து.

பழைய கார்களில் உள்கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பியோ கேபிளோ பூட்டை நேரடியாக விடுவிக்கும். பேட்டரி செத்துப்போயிருந்தாலும் கதவு திறக்கும். புதிய கார்கள் பலவற்றில், முக்கியமாக மின்சாரக் கார்களில், கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு பொத்தான் வந்துவிட்டது. அதை அழுத்தினால் ஒரு சின்ன மோட்டார் பூட்டைத் திறக்கிறது. அந்த மோட்டாருக்கு மின்சாரம் வருவது, பெரும்பாலும், காரை ஓட்டுகிற பெரிய பேட்டரியிலிருந்து அல்ல; தனியாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. அது தீர்ந்துபோனாலோ, மோதலில் வயர் அறுந்தாலோ, பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. பெரிய பேட்டரியில் முழு சார்ஜ் இருந்தாலும் அப்படித்தான்.

இதற்காகவே கையால் திறக்கும் வழி ஒன்றைத் தனியாக வைக்கிறார்கள். அதை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களின் முன்கதவில் அது கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளுக்கு முன்னாலேயே கைக்கெட்டும்படி இருக்கிறது. பின்கதவில் கதை வேறு. மாடல் ஒய் காரில் கதவின் அடியில் பாட்டில் வைக்கிற பள்ளத்துக்குள் கையை விட்டு, அங்கிருக்கும் விரிப்பைத் தூக்கி, சிவப்பு நிறத் துண்டை அழுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கேபிளை முன்பக்கமாக இழுக்க வேண்டும். அதுவும் எல்லா மாடல் ஒய் கார்களிலும் இல்லை. மாடல் எக்ஸ் காரில் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவுக்கு, ஸ்பீக்கர் மூடியைக் கழற்றினால்தான் கேபிள் தெரியும். முதலில் வந்த மாடல் 3 கார்களில் பின்கதவுகளுக்கு இப்படி ஒரு வழியே கிடையாது.

ஒரு நிறுவனத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஃபோர்டு 2025 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 1,97,000 மஸ்டாங் மாக்-ஈ கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு 12 வோல்ட் பேட்டரி வலுவிழந்தால் கதவுகள் பூட்டியபடியே நின்றுவிடலாம், பின்னிருக்கையில் இருப்பவர் உள்ளே மாட்டிக்கொள்ளலாம் என்பதே காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021ஆம் ஆண்டு மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. பிள்ளை உள்ளே, பெற்றோர் வெளியே, கதவு திறக்கவில்லை என்ற புகார்கள். சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். சீனாவில் 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் கதவுகளில் இயந்திர முறையில் திறக்கும் கைப்பிடி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. ஆனால் ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களில்தான் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் பின்னால்.

“எங்கள் கார் பழசு, எங்களுக்கு இது தேவையில்லை” என்று நினைக்க வேண்டாம். சைல்டு லாக் போட்டிருந்தால் பின்கதவு உள்கைப்பிடியால் திறக்காது. சில கார்களை ரிமோட்டால் பூட்டினால் உள்கைப்பிடிகள் எல்லாமே செயலிழக்கும். தவிர, பிள்ளைகள் நண்பர்கள் வீட்டுக் காரிலும் வாடகைக் காரிலும் போகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? காரோடு வந்த கையேட்டில் கதவுகள் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். பிறகு பின்னிருக்கையில் நீங்களே போய் உட்காருங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. பெல்ட்டைக் கழற்றி, கதவைக் கையால் திறந்து பாருங்கள். கையேட்டை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இல்லாத கதவுகளில், பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கி வழிவிடும், கேபிளை இழுத்தால் இறங்காமல் போகலாம். அப்போது ஓரப்பட்டையோ கண்ணாடியோ பழுதாகலாம். ஒரு முறை செய்து பார்த்தால் போதும்.

அப்புறம் பிள்ளையைச் செய்ய விடுங்கள். வாயால் சொன்னால் “தெரியும், தெரியும்” என்பார்கள். அந்த மூடியைக் கழற்றும் பலம் விரலில் இருக்கிறதா என்பது செய்தால்தான் தெரியும். கார் ஓடும்போது அதைத் தொடவே கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கேபிள் எல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்கு மூன்றே காரியம்: பெல்ட்டைக் கழற்று, முன்னிருக்கைக்குத் தாவி வா, முன்கதவைத் திற. சைல்டு லாக் பின்கதவுகளுக்கு மட்டும்தான். முன்கதவும் திறக்காவிட்டால் ஹாரனை விடாமல் அழுத்தட்டும். பல கார்களில் வண்டி அணைந்திருந்தாலும் ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்குகிறவர்கள் முதலில் கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி) என்றிருந்தால் உடையும். நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடிக்க வேண்டும். லாமினேட்டட் (இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது) என்றிருந்தால் சுத்தியலை நம்பாதீர்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் சோதித்த ஆறு கருவிகளில் ஒன்றுகூட லாமினேட்டட் கண்ணாடியை உடைக்கவில்லை. சுத்தியலை டிக்கியில் போட்டு வைப்பதிலும் அர்த்தமில்லை.

இன்னொன்று, பள்ளி விடும் நேரத்தைப் பற்றி. மூத்த பிள்ளையை அழைக்க வரும்போது, தூங்குகிற சின்னக் குழந்தையைக் காரில் பூட்டிவிட்டு வராதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மிக வேகமாகச் சூடேறும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வரிசையில் உங்களை முன்னால் விடச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுப்பாடம் இதுதான். திங்களன்று ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒரு தாள் கொண்டு வரும். அதில் காரின் பின்கதவை உள்பக்கமிருந்து பார்க்கிறபடி வரைந்து, கையால் திறக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிள்ளை திறந்ததை நீங்கள் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள், அதற்கு முன் வேண்டாம். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தின் அவசர வழியை வரையலாம். பேருந்து உதவியாளர் காட்டுவார். உங்கள் காரின் பின்கதவில் அப்படி எதுவும் இல்லையென்றால் “பின்னால் இல்லை, முன்னால் வர வேண்டும்” என்று பிள்ளை எழுதட்டும். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. தாளை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்