தாத்தாவின் கத்திக்குப் பிடி

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அழகாக இருந்ததாக அம்மா சொன்னாள். நான் பார்த்தது பக்கத்தில் கிடந்த பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த நம் சொல்தா தாத்தாவின் ஒப்பினேல் மடக்குக் கத்தியைத்தான். அதன் பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறாய்.

எட்டாம் எண் கத்தியின் பிடி உருண்டையானது, மெல்லியது; ஈரக் கையில் யாருக்கும் உருளும். ஆனால் ரப்பருக்குள் ஈரம் தங்கினால் பிடியின் பீச் (beech) மரம் உப்பிவிடும். பிறகு தாத்தா செய்ததைப் போலப் பிடியின் அடியை மேசையில் தட்டித்தான் அலகை வெளியே எடுக்க முடியும். அலகும் கார்பன் எஃகு, துரு ஏறும். டியூபை இன்றே கழற்றிவிடு.

வேலை தொடங்குமுன் அலகைத் திறந்து, பிடியின் தலையில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பிப் பூட்டி, தடித்த துணி சுற்றிக் கட்டு. 2000-க்குப் பின் வந்த கத்திகளில் மடித்த நிலையிலும் வளையம் பூட்டும். தாத்தா 1958-இல் பிரான்சின் தூலோனில் வாங்கியதில் திறந்த நிலையில் மட்டுமே பூட்டும். பிடியின் இரு பக்கங்களையும் 80-ஆம் எண் உப்புத்தாளால் தட்டையாக்கினாலே உருள்வது நின்றுவிடும். அலகு மடிந்து இறங்கும் பள்ளத்தின் பக்கம் மட்டும் மரத்தைக் குறைக்காதே, விரலுக்குக் குழி செதுக்குகிறேன் என்று ஆழம் போனால் மடித்த பிறகும் கூர் வெளியே தெரியும். பிறகு 240-ஆல் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடு. வளையத்தைப் பூட்டாமல் எதையும் தொடாதே.

பதினோரு வயதில் என் இழைப்புளிக்கு நீயே பிடி செய்து கொடுத்ததைப் பார்த்து ஆசாரியே வியந்தார். அந்தக் கைக்கு டியூப் சுற்றுவதுதானா தெரிந்த வேலை? மூன்று மாதமாக வீடியோவில் காபிக் குவளையை இடக்கையால்தான் எடுக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கங்களைத் தட்டையாக்கினால் பிடி இன்னும் மெலியும். முழுதாக மடங்காத விரல்களுக்குத் தடித்த பிடிதான் வேண்டும், அழுத்திப் பிடிக்காமலே நிற்கும். இது எனக்குத் தெரிந்திருந்தது. கடைசி இரண்டு வருடம் தாத்தாவின் விரல்கள் மடங்காமல் போனபோது, இதே கத்தியை என்னிடம் நீட்டி, இரு பக்கமும் மரத்துண்டு ஒட்டித் தடிமனாக்கித் தரச் சொன்னார். அரை நாள் வேலை. மாம்பழம் அறுத்துத் தரத்தான் நாங்கள் இருக்கிறோமே, இந்த வயதில் உங்களுக்குக் கத்தி எதற்கு என்று கேட்டுவிட்டு, அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அதன்பின் அவர் மாம்பழமே கேட்கவில்லை. பழம் அலுத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னவன் நான். உன்னிடம் கத்தியைக் கொடுத்தபோதும் இதைச் சொல்லவில்லை.

ஆகையால் நீ இப்போது உப்புத்தாள் எடுக்க வேண்டாம், டியூபை மட்டும் கழற்று. பழைய ஜன்னல் சட்டத்தின் தேக்கில் இரண்டு பட்டைகள் சீவி வைத்திருக்கிறேன். வளையம் திரும்ப இடம் விட்டுத்தான் ஒட்ட வேண்டும். சித்தப்பா ஜூலையில் அங்கு வரும்போது, பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் ஒரு தாளில் கையை வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, விரல்கள் எதுவரை மடங்குகின்றன என்று குறித்து அனுப்பு. வலக்கையை.

அன்புடன்,
அப்பா