கருத்தரங்கிற்குச் செல்வோரிடம் ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் கருத்தரங்குகள் தொடர்ந்து நடைபெறும் காலம் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில், கட்டுரை வாசிக்கப் புறப்படும் இளம் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்லூரியின் தேசியக் கருத்தரங்கிற்குப் போயிருந்தேன். காலைத் தொடக்க விழாவில் நிரம்பியிருந்த அரங்கில், மதிய உணவுக்குப் பிறகு பதினொரு பேர்தான் இருந்தோம். வெளியே சான்றிதழ் மேசையின் முன் நீண்ட வரிசை நின்றது. ஈராண்டுக் களப்பணியில் நடவுப் பாடல்களைத் திரட்டியிருந்த ஆய்வு மாணவி ஒருவரிடம், நேரமில்லை, முடிவுரையை மட்டும் படியுங்கள் என்று அமர்வுத் தலைவர் சொல்ல, அவர் கடைசிப் பக்கத்தை அவசரமாக வாசித்துவிட்டு இறங்கினார். ஒலிக்கச் செய்வதற்கென்று அவர் கொண்டுவந்திருந்த பாடல்கள் கைப்பேசியிலேயே இருந்துவிட்டன. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கட்டுரை வாசிப்பையும் பதவி உயர்வுக்குரிய மதிப்பெண்களில் சேர்த்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் விதிமுறை வகுத்தது. 2018 விதிமுறைகளிலும் அதற்கு இடமுண்டு. எனவே சான்றிதழ் வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓ.டி. (பணிநிமித்த அனுமதி) பெற்று, பேருந்தில் இரவெல்லாம் விழித்து வந்து, அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது பெரிய இழப்பு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகக் கீழ்த்திசையியல் அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழியல் அறிஞர்களை, இலங்கைத் தமிழறிஞர் சேவியர் தனிநாயகம் அடிகள் ஒன்றுசேர்த்துப் பேசினார். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். அதன் வழியாகவே 1966-இல் கோலாலம்பூரிலும், 1968-இல் சென்னையிலும், 1970-இல் பாரிசிலும் உலகத் தமிழ் மாநாடுகள் நடந்தன. வேறொரு மாநாட்டுக்கு வந்த இடத்தில், நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே நடந்த பேச்சின் பயன் இது.

எனக்கும் சிறிய அளவில் அப்படியொன்று வாய்த்தது. உழவர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கியங்களான பள்ளு நூல்கள் கூறும் நெல்வகைகளைப் பற்றி நான் கட்டுரை படித்த முதல் கருத்தரங்கில், தேநீர் வேளையில் மூத்த ஆசிரியர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, இதுல பாதி நெல்லு எங்க ஊர்ல விளைஞ்சதுதான், ஒரு நாள் வாங்க" என்றார். மறுமாதம் போனேன். வெறும் பெயர்ப்பட்டியலாக நான் எழுதி வைத்திருந்ததை, எந்த நெல் எந்த மண்ணுக்கு, எது எத்தனை மாதப் பயிர் என்று அந்த ஊர் விவசாயிகள் வரப்பில் நின்று விளக்கினார்கள். என் ஆய்வேட்டின் நடுப்பகுதியை முழுவதும் திருத்தி எழுதினேன்.

ஆகவே, பையோடு தரப்படும் ஆய்வுக்கோவையை, அதாவது கருத்தரங்கக் கட்டுரைகளின் தொகுப்பை, காலையிலேயே புரட்டி, உங்கள் பொருளுக்கு நெருக்கமான இரண்டு மூன்று கட்டுரைகளையாவது படித்துவிடுங்கள். அவற்றை எழுதியவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள். தம் கட்டுரை முடிந்ததும் எழுந்து போகாமல் அடுத்தவர் படிப்பதையும் கேட்பது குறைந்தபட்ச மரியாதை. தெரியாததைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஊர் திரும்பிய வாரத்திலேயே, கேட்டவற்றை வகுப்பில் மாணவர்களிடம் சொல்லுங்கள்; தள்ளிப்போட்டால் குறிப்பேட்டில் எழுதியது நமக்கே விளங்காமல் போகும்.

நடத்துவோரும் ஒரே நாளில் நூறு கட்டுரைகளைத் திணிக்காமல், ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரமும் அதன்பின் கேள்விக்குச் சில நிமிடங்களும் ஒதுக்க வேண்டும். சான்றிதழை மாலையில், கடைசி அமர்வு முடிந்த பிறகே வழங்கலாம்.

அந்த மாணவியின் பாடல்களை அன்று மாலை கல்லூரி வராந்தாவில் அமர்ந்து கேட்டேன். ஒரு பாட்டில் வரும் நெல்லின் பெயர் நான் இதுவரை கேட்டிராதது. பாடிய அம்மையாரை நேரில் பார்க்க, தை அறுவடை முடிந்ததும் அவர்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.