மாத்திரை டப்பா

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. "தம்பிக்குச் சுத்தமா குணமாயிடுச்சா?" என்று போனில் கேட்டாய். அவன் பக்கத்திலேயே இருந்ததால் மழுப்பிவிட்டேன்.

மனச்சிதைவு நோயில் யாரோ பேசுகிற மாதிரி அவன் காதில் விழும் குரல் இன்னும் கேட்கிறது. சாயங்காலம் ஆனால் ஜாஸ்தி. "அவங்க வந்துட்டாங்கம்மா, கொஞ்ச நேரம் என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். முன்பு இதை வாய்விட்டுச் சொல்லவே பயப்படுவான்.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தபோது பொடித்துச் சாம்பாரில் கலந்து போட்டேன். ஒருநாள் பார்த்துவிட்டான். சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதை நானே நிஜமாக்கிவிட்டேன். நாலு மாதம் என் கையால் ஒரு வாய் தின்னவில்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. மனச்சிதைவு உள்ளவர்களை ஓயாமல் குறை சொன்னாலும், நிழல்போல் பின்னாலேயே சுற்றினாலும் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம் என்றார். டப்பாவை அவனிடமே கொடுக்கச் சொன்னார். காலையில் போட்டால் தூக்கம் அமுக்குகிறது என்று அவன் சொன்னதும் ராத்திரிக்கு மாற்றிக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் நான் அதை அவனிடம் கேட்டதே இல்லை. இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். பொய் சொல்வானேன், இரண்டு தடவை திருட்டுத்தனமாக எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

1981 வாக்கில் இதே மெட்ராஸில் நோய் புதிதாக வந்த 90 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்களாம், பாதிக்கு மேல் நன்றாகத் தேறினார்களாம். அதையும் டாக்டரம்மாதான் சொன்னார். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மாமா அவனைக் காசிமேட்டுக்கு வலை பின்னக் கூட்டிப்போனார். முதலில் அரை நாள்தான். பேச்சு கம்மி, கைக்கு வேலை. அது அவனுக்குப் பொருந்திவிட்டது. ஒருத்தன் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றானாம். பக்கத்தில் இருந்த பெரியவர், "அவன் போடுற முடிச்சு நீ போடுவியா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டான்! 61 நாள் முடிந்து படகெல்லாம் போன பிறகும் வாரம் மூன்று நாள் கூப்பிடுகிறார்கள். முதல் கூலியில் நெத்திலி வாங்கி வந்தான். நான் குழம்பு வைத்தேன். சாப்பிட்டான்.

ஆடிக்கு வரும்போது வாசலிலேயே "மாத்திரை போட்டியா?" என்று ஆரம்பிக்காதே. கல்யாணப் பேச்சும் வேண்டாம். வலை ஊசியை எப்படிப் பிடிப்பது என்று கேள், தானாகப் பேசுவான்.

அப்புறம், ஒரு ஹெட்போன் வாங்கி வா. அவனுடையதில் ஒரு பக்கம் கேட்கவில்லையாம்.

அம்மா