வெள்ளம் வடிந்தபின் எங்கள் தெருவுக்கு வந்தவர்களுக்கு

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் உழைத்த தூய்மைப் பணியாளர்களுக்கும், குடிநீர் வாரிய ஊழியர்களுக்கும், தண்ணீர் லாரி ஓட்டுநர்களுக்கும் சென்னை வேளச்சேரியிலிருந்து வணக்கம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழை எங்கள் தரைத்தள வீடுகளை மூழ்கடித்தது. மழை விட்டும் தண்ணீர் இறங்க நாளானது. அது வடிந்த பிறகுதான் முழுக் கஷ்டமும் தெரிந்தது. ஊறி உப்பிய மெத்தைகள், பிளந்துபோன பிளைவுட் அலமாரிகள், புழுத்த அரிசி, பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் எல்லாம் வாசலில் குவிந்தன. அடியில் சாக்கடைச் சேறு.

அதை அள்ளிய உங்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் வீட்டை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத எங்கள் வீட்டுக் குப்பையில் கை வைத்தீர்கள். ஓர் அக்கா ஒவ்வொரு மெத்தையையும் முதலில் கம்பால் தட்டிவிட்டுத்தான் தூக்கினார். "பாம்பு இருக்கும், கண்ணாடி இருக்கும், சும்மா கை விடக்கூடாதுப்பா" என்றார். தண்ணீர் குடித்த மெத்தையை அசைக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. மழைநீர் வடிகால் பற்றி எங்களுக்கு நிறையக் குறைகள் உண்டு. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆனால் அந்தக் கோபத்தைத் தெருவில் நின்று சேறு அள்ளிய உங்கள்மேல் சிலர் காட்டியது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

குடிநீர் வாரியத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்பின் மூடியைத் திறந்ததுமே மோட்டார் போட விடாமல் தடுத்துவிட்டார். உள்ளே கழிவுநீர் கலந்திருந்தது. முழுவதையும் இறைத்து, சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாடித் தொட்டியையும் அப்படியே சுத்தம் செய்த பிறகுதான் புதுத் தண்ணீர் விடச் சொன்னார். லாரித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மஞ்சளாக மாறியது. "குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். இதுல இருக்கு. ஆனாலும் காய்ச்சியே குடிங்க" என்று வீடு வீடாகச் சொல்லிப் போனார். எங்கள் தெருவில் வயிற்றுப்போக்கு என்று ஒருவரும் படுக்கவில்லை. திருப்ப இடமில்லாத சந்தில் லாரியை ரிவர்ஸிலேயே ஓட்டி வந்து, கடைசிக் குடம் நிறையும்வரை காத்திருந்த ஓட்டுநர் அண்ணனையும் மறக்க மாட்டோம்.

பெருங்குடிக் குப்பைமேடு எங்களுக்குப் பக்கம்தான். சதுப்பு நிலத்தில் வருஷக்கணக்காகக் கொட்டிய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணை வேறாகவும் பிளாஸ்டிக்கை வேறாகவும் பிரிக்கும் வேலை அங்கே நடந்தது. வீட்டு வாசலில் ரெண்டு நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு அங்கே அத்தனை இயந்திரமும் பணமும் போயின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, டயபர், ஊசி, உடைந்த கண்ணாடி எல்லாம் ஒரே பையில் வந்தால் பேட்டரி வண்டி ஓரத்தில் நின்று அதைக் கையால் பிரிப்பதும் நீங்கள்தான்.

அதனால் வெறும் நன்றியோடு நிற்க எங்களுக்கு மனசில்லை. இனி உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே எழுதித் தனியாகத் தருவோம். நாப்கின், டயபரும் அப்படியே. இந்தப் போகிக்குப் பழைய பாய், டயர், ரப்பர், துணி எதையும் எங்கள் தெருவில் கொளுத்தப்போவதில்லை. கட்டி வைத்து உங்கள் வண்டியில் நாங்களே ஏற்றிவிடுகிறோம். தெருவில் எல்லா வீட்டிலும் பேசி முடிவு செய்தாயிற்று. பொங்கலன்று வேலைக்கு வருபவர்கள் எங்கள் வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நன்றியுடன்,
தெருவாசிகள் அனைவரும்
வேளச்சேரி