பனியில் வண்டியை நிறுத்திய டிரைவர் அண்ணனுக்கும், அந்தக் காலையில் எங்களோடு இருந்தவர்களுக்கும்

வணக்கம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, பெங்களூரிலிருந்து வேலூருக்கு வந்த பேருந்தில் மூன்றாவது சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவள் நான். அம்மாவுக்கு வயது 71, சர்க்கரை உண்டு. காலை 8 மணிக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதனால் முந்தின ராத்திரி இரண்டு இட்லியும் மாத்திரையும்தான். அதன் பிறகு தண்ணீர் மட்டும்.

டிரைவர் அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. ஆம்பூர் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. மார்கழியில் நம் பக்கம் இது புதிது இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய நிலம், பாலாற்று ஈரம், இரண்டு பக்கமும் மலை. மேகமில்லாமல், காற்று அசையாமல் ஓர் இரவு வாய்த்தால் போதும், விடியும்போது ரோடே காணாமல் போய்விடும். குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும், மாதனூருக்கு முன்னால் நீங்கள் நிறுத்தியபோது, "மெதுவாவாவது போங்கண்ணா, ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது" என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பின்சீட்டுக்காரர் பேசியதை இங்கே எழுத மனம் வரவில்லை. நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "முன்னாடி லாரி நிக்குதா, போவுதான்னே தெரியல சார். கண்ணு தெரியாம எடுக்க மாட்டேன்" என்றீர்கள்.

நிறுத்திய இடத்தையும் சொல்ல வேண்டும். ரோட்டோரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தால், பனியில் பின்னால் வருகிற லாரி நம் சிவப்பு விளக்கைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நினைத்து நேரே வந்து மோதியிருக்கும். கண்டக்டர் டார்ச்சோடு இறங்கி முன்னால் நடக்க, அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே பெட்ரோல் பங்குக்குள் கொண்டுவந்து சேர்த்தீர்கள். கண்டக்டர் தம்பி திரும்பி ஏறும்போது புருவமெல்லாம் நீர்முத்து. பங்குப் பையன்கள் கேட்காமலே கழிவறையைத் திறந்துவிட்டு, நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

ஆறரை மணி இருக்கும். எங்கோ கோயில் ஒலிபெருக்கி பாடுகிறது, கோயில் தெரியவில்லை. ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்றும் பனிக்கு ஒதுங்கி எங்கள் பக்கத்தில் நின்றிருந்தது. அம்மாவை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். கை நடுங்கியது. குளிர் என்று நினைத்து சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். வேனிலிருந்து இறங்கி வந்த பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, இது குளிரு இல்லக்கா. வேர்க்குது பாருங்க. சுகர் இறங்கிட்டிருக்கு. எங்க ஆயாவுக்கும் இப்டித்தான் வரும்."

தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில் அம்மாவின் கழுத்து நனைந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துப் பார்க்கிறார், பதில் குழறுகிறது.

அந்தப் பெண் பங்கை ஒட்டியிருந்த டீக்கடைக்கு ஓடினாள். டீக்கடை அக்கா அடுப்பைக்கூட அணைக்காமல் வந்தார். வெந்நீரில் சர்க்கரையைக் கலக்கி, அம்மாவின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, "முழுங்கும்மா, இன்னும் ஒரு வாய்" என்று டம்ளரை உதட்டில் வைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் போயிருக்கும். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ரத்தம் குடுக்கணுமே, ஏண்டி சக்கரை குடுத்தே?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு அந்த அக்கா இட்லியும் கொடுத்தார். காசு வாங்கவில்லை, எத்தனை சொல்லியும்.

டிரைவர் அண்ணா, நான் கேட்டபடி நீங்கள் வண்டியை எடுத்திருந்தால், விளக்கணைத்த பேருந்தில் அம்மா தூங்குகிறார் என்றே நான் நினைத்திருப்பேன். வேர்வையைப் பார்த்துச் சொல்ல அந்தப் பெண் பக்கத்தில் இருந்திருக்க மாட்டாள். உங்களைப் பார்த்துச் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேலூரில் இறங்கும் அவசரத்தில் அதைச் சொல்லாமல் போய்விட்டேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்களாக இருந்தால், தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

எட்டரைக்குப் பனி விலகி வண்டி கிளம்பியது. ரத்தம் மறுநாள் கொடுத்தோம். டாக்டர் ராத்திரி மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

ஷூ கம்பெனித் தங்கச்சி, வேன் ஹாரன் அடித்ததும் உன் ஊதா ஸ்வெட்டரை அம்மாவின் தோளிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாய். உன் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஸ்வெட்டரைத் துவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து டீக்கடை அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். வேன் அந்தப் பக்கம் நிற்கும்போது வாங்கிக்கொள்ளம்மா.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து ஒரு மகள்