அண்ணனுக்கு, அம்மையின் காதைப் பற்றி

அண்ணே,

அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. எந்தக் காகிதம் என்று உனக்குத் தெரியும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வீட்டு விஷயத்தை இதற்குமேல் எழுதவில்லை. அம்மைக்குப் புத்தி மங்கிவிட்டது என்கிறாயே, அதனால் அவள் காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை.

அன்றைக்கு மறதிச் சோதனைக்குப் போன அந்த ஆஸ்பத்திரியில் தலைக்கு மேலே ஃபேன் இரைச்சல், வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம். டாக்டர் மாஸ்க்கைக் கழற்றாமலேயே, "நூத்துல ஏழக் கழிங்கம்மா" என்றார். அம்மை பதறிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஊர்ல எழவா? யாருல போயிட்டா?" என்று உன்னைத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நீ தலையைக் குனிந்துகொண்டாய். டாக்டர் தாளில் பூஜ்யம் போட்டார். ஆயிரம் பீடிக்கு நிறுத்துக் கொடுக்கிற இலையில் கொஞ்சம் குறைந்தாலும் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுகிறவளுக்குக் கழித்தலில் பூஜ்யம்!

அது வாயால் கேட்கிற சோதனை. கேள்வியே காதில் விழாதவளுக்கு மார்க் எங்கிருந்து வரும்?

காது மங்கினால், அரைகுறையாக விழும் சொற்களை ஒட்டுப்போட்டுப் புரிந்துகொள்ளவே மூளைக்குத் தெம்பு போய்விடுகிறது. நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. ஆளும் ஒதுங்கிவிடுகிறார். மைனி வீட்டு விசேஷத்தில் அம்மை மூலையில் உட்கார்ந்திருந்தது கோபத்தில் இல்லை. மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியல் போட்டது. காது கேளாமை அதில் ஒன்று.

ரத வீதியில் வழி தவறினாள் என்று ஊரெல்லாம் சொன்னாயே, அதுவும் காதுவரை போகிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிற மூன்று அரைவட்டக் குழல்களும் உள்காதில்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அந்த உணர்வை இழந்தவர்களுக்கு, வழியை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருந்ததை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2005இல் கண்டார்கள். அம்மைக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் இருட்டில் சுவரைப் பிடித்து நடந்ததையும், குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்க மாட்டேன் என்றதையும் வயசு என்று விட்டது யார்?

உன்னைக் கேட்காமல் காது மிஷின் வாங்கியதற்கு மன்னிச்சுக்கோ. கேட்டிருந்தால் "இந்த வயசுல எதுக்கு" என்றிருப்பாய். நீ பத்தாவதோடு நிறுத்திவிட்டு மும்பைக்கு ரயிலேறியதால்தான் நான் படித்தேன். அந்தப் பழைய பச்சைப் பெட்டி இன்னும் என் அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அதற்காக அம்மையின் புத்தியைப் பற்றி நீ சொல்வதே முடிவு என்று ஆகிவிடாது.

மிஷின் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி வரும் ஆபத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களுக்கு, 3 வருடத்தில் சிந்தனைத் திறன் தேய்வது 48 சதவீதம் குறைந்தது. அம்மைக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே, விட்டுவிடச் சொல்கிறாயா?

வேறொரு இடத்தில் மறுபடி சோதித்தார்கள், மிஷினோடு, கேள்விகளை எழுதியும் காட்டி. சொன்ன வார்த்தைகளில் சிலதை மறந்தாள். மறதி இருக்கிறது, மறைக்கவில்லை. கழித்தலில் 93, 86, 79, 72, 65 என்று தட்டாமல் வந்தாள். போதும் என்றார்கள். அதற்குப் பிறகும் 58 சொன்னாள்.

இனி வீடியோவில் கூப்பிடு, உன் உதடு அவளுக்குத் தெரியணும். கத்தாதே, கத்தினால் மிஷினில் இரைச்சல்தான் விழும். பொங்கலுக்கு வரும்போது அந்தக் காகிதத்தைப் பற்றி முதலில் அவளிடம் பேசு. பிறகு என்னிடம் வா.